புதன்கிழமைப் பட்டியல்

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில்,
வலிதணிப்பு மையத்தின் கடைசி அறை.
ஒரு மேசை, ஒரு போன்,
தாளில் பதினான்கு பெயர்கள்.
எல்லோரும் கட்டிலோடு கிடப்பவர்கள்.
எப்சிபாய் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசவேண்டும்,
பேசி முடித்ததும்
பெயருக்கு நேரே பேனாவால் ஒரு கோடு.

பேசுவதில் குறையில்லை.
கோடு போட மறந்துவிடுகிறாள்.

நான் வெளியே பெஞ்சில்.
ஸ்கூட்டர் சாவியும் அவள் குடையும் என் மடியில்.
பாதிக் கதவு வழியாக
அவள் முதுகு தெரிகிறது.
வீட்டில் கூனிப்போயிருக்கும் முதுகு
இங்கே நிமிர்ந்திருப்பதை
யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருக்கும்.
பெஞ்சில் வேறு யாரும் இல்லை.

இருபத்தொன்பது வருஷம் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள்.
துளைதுளையாக வயரைக் குத்தி
குளச்சலைக் கொல்லத்தோடும்
தோவாளைப் பூவை மதுரையோடும் சேர்த்துவிட்டவள்.
ஊரில் எந்த வீட்டுச் சாவையும்
அந்த வீட்டுக்கு முன்னாலேயே கேட்டவள்,
வாய் திறந்ததில்லை.
இப்போது அடுப்பில் பால் பொங்கி வழிய
பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆசாரிபள்ளத்தில் டாக்டர் கேட்டார்,
இன்று என்ன கிழமை?
யோசிக்கவேயில்லை. "புதன்."
அன்று வெள்ளி.
மார்க்கைக் குறைத்து எழுதினார்.
நானாயிருந்தால் குறைத்திருக்கமாட்டேன்.
ராத்திரியெல்லாம் கதவுத் தாழ்ப்பாளை
இழுத்து இழுத்துப் பார்க்கிறவள்
"நாளைக்குப் புதன்" என்று நான் சொல்லும்
அந்த ஒரு செவ்வாய் ராத்திரி மட்டும்தான்
விடியும்வரை தூங்குகிறாள்.

முதல் வாரம் போனை எடுத்ததும்
"நம்பர் ப்ளீஸ்" என்றாள்.
மறுமுனையில் யாரோ பயந்துபோய்
தன் நம்பரைச் சொன்னார்கள்.

பட்டியலில் ஆறாவது பெயர்
மண்டைக்காடு பொன்னுமுத்து மேஸ்திரி.
சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு போனவர்.
"கஞ்சி குடிச்சியளா?"
"குடிச்சாச்சு."
கோடு போடவில்லை.
ஒன்பதாவது ஆளுக்குப் பிறகு திரும்பவும் அவர்.
"கஞ்சி குடிச்சியளா?"
"இப்பத்தானே கேட்டிய. குடிச்சாச்சு."
"அப்பிடியா, செரி செரி."
பன்னிரண்டு மணிக்கு மூன்றாவது தடவை.
அதே குரல், அதே அக்கறை,
அன்றைக்கு முதல்முறை கேட்பதுபோலவே.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு மேஸ்திரி சொன்னாராம்,
"இல்ல. நேத்து மத்தியானத்துக்குப் பின்ன
ஒண்ணும் குடிக்கல.
மருமகள்ட்ட கேக்க மடியாட்டு இருந்து."

ஜெபமலர் சிஸ்டர் ஆளனுப்பினாள்.
எப்சிபாய் அதற்குள்
ஏழாவது பெயருக்குப் போய்விட்டாள்.

அதற்கு முந்தின நாள்தான்
நானும் சிஸ்டரும் பேசி வைத்திருந்தோம்:
ஒரு வீட்டிலிருந்து புகார் வந்திருக்கிறது,
மெதுவாக நிறுத்திவிடலாம் என்று.
பிறகு அவளும் அதைப் பற்றி எடுக்கவில்லை,
நானும் எடுக்கவில்லை.
அந்த வீட்டின் பெயரை மட்டும்
தாளிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இன்று மழை. கரண்டு போய்ப் போய் வந்தது.
எப்சிபாய் பத்துப் பேரோடு நிறுத்திக்கொண்டு
போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்,
நான் குடையை விரிப்பதற்குள்
அது அடித்தது.
சிஸ்டர் எடுத்தாள். மேஸ்திரி.
"அந்த அம்மா இன்னைக்கு
ஒரே ஒரு தடவதான் கூப்பிட்டாவ.
மேலுக்கு ஒண்ணும் இல்லியே?"

சிஸ்டர் என்னைப் பார்த்தாள்.
நான் படிக்கட்டைப் பார்த்தேன்.

திருவிதாங்கோடு வரை
என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.
கால்வாய்ப் பாலத்தில்
காதருகே குனிந்து கேட்டாள்,
"யாரையாவது விட்டுப்போட்டனா?"
"இல்ல."
"நாளைக்கு என்ன கிழமை?"

மழை முகத்தில் அடிக்கிறது,
கண்ணாடி முழுக்க வெள்ளம்.
"நாளைக்குப் புதன்" என்றேன்.

தூங்கட்டும்.
காலையில் சேலை உடுத்து, கைப்பையோடு
வாசலில் வந்து நிற்பாள்.
அதை அப்போது பார்க்கலாம்.